ஏழு வோல்ட் வந்தால் ஆல்டர்னேட்டர் போச்சா?

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். எங்களுக்குத் தூத்தூர்ப் பக்கம் ஊர். போட் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. போன சீசனில் கொச்சியில் மீன் இறக்கப் போன இடத்தில், எஞ்சின் பெல்ட்டில் ஓடிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் எரிந்துபோனது. அங்கேயே ஓர் ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை), லாரியிலிருந்து கழற்றிய ஒன்றை வாங்கி மாட்டினோம். சார்ஜ் ஏறுகிறது. ஆனால் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் சரியில்லை. முன்பு 1600 காட்டிய அதே ஓட்டத்துக்கு இப்போது 2000 காட்டுகிறது, ஜி.பி.எஸ்.ஸில் வேகம் என்னவோ பழைய வேகம்தான். ஸ்டார்ட் செய்தால் முள் படுத்தே கிடக்கும். ஒரு தடவை ரேஸ் கொடுத்தால்தான் எழும்பும். எலெக்ட்ரீஷியன் வந்து, ஆல்டர்னேட்டரில் ஆர்.பி.எம். மீட்டருக்குக் கம்பி போகிற டபிள்யூ முனையில் வோல்ட் பார்த்தார். 7 காட்டியது. ரேஸ் கொடுத்தும் 7தான். "பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் ஏழு. பாதி போச்சு, புதுசு வாங்குங்க" என்கிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டு வாரம் இருக்கிறது. வாங்கவா? இன்னொன்று: வீல் ஹவுஸில் இருக்கும் மீட்டர் போக எஞ்சின் ரூமிலும் ஒன்று வைக்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த லாரி ஆல்டர்னேட்டர் நன்றாகவே இருக்கிறது. உங்கள் எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்த இடமும் சரி, மீட்டர் காட்டிய எண்ணும் சரி. அதற்குச் சொன்ன அர்த்தம்தான் பிசகு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. குழித்துறையில் கடை போட்ட புதிதில் நானும் இதே ஏழு வோல்ட்டைப் பார்த்து ஒரு நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்தவன். காயில் கட்டுகிற பெரியவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இதில் நான் என்ன கட்ட வேண்டும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த முனையில் என்ன வருகிறது என்று முதலில் பார்ப்போம். ஆல்டர்னேட்டருக்குள்ளே மூன்று காயில் சுற்று இருக்கிறது. மூன்றிலும் உற்பத்தியாவது ஏ.சி. டயோடு தட்டில் இருக்கும் டயோடுகள் (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிறவை) அதை டி.சி.யாக்கி, தடித்த கம்பி போகிற பி பிளஸ் முனைக்கு அனுப்புகின்றன. டபிள்யூ என்பது அந்த மூன்றில் ஒரு சுற்றின் நுனியில் டயோடுக்கு முன்னாலேயே ஒரு கம்பியைப் பற்றவைத்து வெளியே எடுத்திருக்கும் முனை. அங்கே வருவது இன்னும் டி.சி. ஆகாத கரண்ட்.

ஏ.சி. என்றால் மேலே ஏறிக் கீழே இறங்கும். ஆனால் இந்த இடத்தில் அது இஷ்டப்படி ஏற முடியாது. 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே போனதும் பாசிட்டிவ் பக்கத்து டயோடு திறந்து பேட்டரிக்கு வழிவிட்டுவிடும். இறங்கும்போதும் பூஜ்யத்துக்கு முக்கால் வோல்ட் கீழே போனதும் நெகட்டிவ் பக்கத்து டயோடு பிடித்துக்கொள்ளும். ஆக அந்த முனை கிட்டத்தட்ட பாதி நேரம் பதினான்கு சொச்சத்திலும் பாதி நேரம் பூஜ்யத்தை ஒட்டியும் நிற்கிறது. விநாடிக்குச் சில நூறு தடவை மேலும் கீழும் மாறுகிற ஒன்றை டி.சி. ரேஞ்சில் இருக்கும் மல்டிமீட்டரால் துரத்திப் பிடிக்க முடியுமா? அது சராசரியைக் காட்டும். பதினான்கில் பாதி ஏழு. 24 வோல்ட் போட்டாக இருந்தால் சார்ஜ் 28 வரும், டபிள்யூவில் 14 வரும். அதைப் பார்த்து "பன்னிரண்டுக்கு மேலேயே வருகிறதே, பரவாயில்லை" என்று சொல்கிறவர்களும் உண்டு!

ரேஸ் கொடுத்தும் ஏன் ஏறவில்லை? பி பிளஸில் எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் கட்-அவுட் (ரெகுலேட்டர்) 14 வோல்ட்டைத்தானே பிடித்து நிறுத்துகிறது. மேல் எல்லை மாறாதபோது பாதியும் மாறாது. மாறுவது எண்ணிக்கை. கரையில் நின்று பார்க்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை: அலை எவ்வளவு உயரம் என்பது வேறு, நிமிஷத்துக்கு எத்தனை அலை என்பது வேறு. வோல்ட் மீட்டர் பார்ப்பது உயரத்தை, ஆர்.பி.எம். மீட்டர் எண்ணுவது அலையை. வோல்ட் பார்த்தால் சிக்னல் வருகிறதா இல்லையா என்பது தெரியும். வேகத்தை அது சொல்லாது.

வேகத்தைப் பார்க்க ஹெர்ட்ஸ் ரேஞ்ச் (விநாடிக்கு எத்தனை அலை என்று எண்ணுவது) இருக்கிற மல்டிமீட்டர் வேண்டும். இப்போது சாதாரண விலையிலேயே கிடைக்கிறது. கணக்கு சின்னதுதான். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களின் உள்ளே சுழல்கிற ரோட்டரில் 12 போல், அதாவது காந்த முனை, இருக்கும். பக்கத்துக்கு ஆறாக நகம் போல மடங்கி நிற்கும் இரும்பை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். 12 போல் என்றால் ரோட்டர் ஒரு சுற்றுக்கு ஆறு அலை. ஆல்டர்னேட்டரின் ஆர்.பி.எம்.மைப் பத்தால் வகுத்தால் ஹெர்ட்ஸ் வந்துவிடும்.

உங்கள் 1600, 2000 கதைக்கு இங்கேதான் விடை. எஞ்சினின் கிராங்க் புல்லி 150 மி.மீ. என்றும் எரிந்துபோன பழைய ஆல்டர்னேட்டரின் புல்லி 75 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் இரண்டு சுற்று. எஞ்சின் 1600-ல் ஓடினால் ஆல்டர்னேட்டர் 3200, டபிள்யூவில் 320 ஹெர்ட்ஸ். "320 வந்தால் 1600 காட்டு" என்று உங்கள் மீட்டருக்கு யாரோ முன்பே செட் செய்து வைத்திருக்கிறார்கள். லாரி ஆல்டர்னேட்டரோடு வந்த புல்லி 60 மி.மீ. என்றால் இப்போது ஒரு சுற்றுக்கு இரண்டரைச் சுற்று. அதே 1600-க்கு 4000 சுற்று, 400 ஹெர்ட்ஸ். பாவம், மீட்டருக்குப் புல்லி மாறியது தெரியாது. 400-ஐப் பார்த்து 2000 என்கிறது. உங்கள் எண்கள் அச்சாக இதில் பொருந்துவதால் புல்லி சின்னதாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். போல் எண்ணிக்கை வேறாக இருந்தாலும் இப்படிக் கூடக் காட்டும். ஆகவே ஸ்கேல் வைத்து இரண்டு புல்லியையும் அளந்து பாருங்கள், பெல்ட் உட்காருகிற இடத்தில் விட்டத்தை.

ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களே, அது நல்ல காரியம். அதைச் செய்யாமல் மீட்டரை மட்டும் நம்பி முள்ளை 1600-ல் நிறுத்தியிருந்தால் எஞ்சின் உண்மையில் 1280-ல்தான் ஓடியிருக்கும். போட்டுக்கு இழுவை இல்லை என்று நாசிலைக் கழற்றியிருப்பீர்கள், புரொப்பெல்லரைக் குற்றம் சொல்லியிருப்பீர்கள்.

சரி செய்ய இரண்டு வழி. பழைய ஆல்டர்னேட்டரை எடைக்குப் போடாமல் வைத்திருந்தால், ஷாஃப்ட் அளவு பொருந்துகிறதா என்று பார்த்து அதன் புல்லியையே இதில் மாட்டிவிடுங்கள். இரண்டுக்கும் போல் ஒன்றாக இருந்தால் மீட்டர் தானாகப் பழைய கணக்குக்கு வந்துவிடும். முடியாவிட்டால் மீட்டரின் முதுகைப் பாருங்கள். டபிள்யூவில் ஓடுகிற பல மீட்டர்களில் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்சோ திருகாணியோ இருக்கும். எஞ்சினை ஒரே ஓட்டத்தில் வைத்துக்கொண்டு, ஒளி விட்டுச் சுற்று எண்ணுகிற கை மீட்டரைக் கிராங்க் புல்லியில் காட்டி, அது சொல்கிற எண் வரும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். புல்லியில் மினுங்கும் ஸ்டிக்கர் ஒரு துண்டு ஒட்டினால்தான் அது எண்ணும்.

அடுத்தது, ஸ்டார்ட் செய்ததும் முள் படுத்துக் கிடப்பது. இது வேறு நோய். ஆல்டர்னேட்டர் கரண்ட் உண்டாக்க ரோட்டருக்கு முதலில் கொஞ்சம் கரண்ட் கொடுத்துக் காந்தமாக்க வேண்டும். அந்த முதல் கரண்ட் டேஷ்போர்டில் சிவப்பாக எரிகிற சார்ஜ் பல்பு வழியாகத்தான் டி பிளஸ் முனைக்குப் போகிறது. சில ஆல்டர்னேட்டரில் எல் என்று போட்டிருக்கும். பல்பு பியூஸ் போனாலோ அந்தக் கம்பியை மாட்டாமல் விட்டாலோ ரோட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய காந்தத்தை வைத்துத்தான் அது கிளம்ப வேண்டும். ரேஸ் கொடுக்காத ஐடில் ஓட்டத்தில் அது போதாது. ஒரு ரேஸ் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு அணைக்கும்வரை பிரச்சினை இல்லை. நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான். கொச்சியில் அவசரத்துக்கு மாட்டியபோது தடித்த கம்பியையும் டபிள்யூவையும் மாட்டிவிட்டு மூன்றாவதை யாரோ அப்படியே டேப் சுற்றி விட்டிருக்கலாம்.

சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், சார்ஜ் பல்பு எரிகிறதா பாருங்கள். எரிய வேண்டும். எரிகிறபோது டி பிளஸில் 1, 2 வோல்ட் போல இருக்கும். பல்பும் எரியாமல் அங்கே பூஜ்யமும் காட்டினால் பல்போ கம்பியோ போயிருக்கிறது. பல்பு எரியாமல் பன்னிரண்டு முழுசாகக் காட்டினால் கம்பி நல்லது, உள்ளே ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் தேய்ந்து, ரோட்டரின் ஸ்லிப் ரிங் என்கிற வளையத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். கார்பன் மாற்றுவது சின்னச் செலவு. இன்னொரு விஷயம், அந்தச் சார்ஜ் பல்பை எடுத்துவிட்டு யாராவது எல்.இ.டி. மாட்டியிருக்கிறார்களா? வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் எல்.இ.டி. வழியாகப் போகிற கரண்ட் ரோட்டரை எழுப்பப் போதாது. பழைய மாதிரி 2, 3 வாட் பல்பே அங்கே இருக்கட்டும்.

இனி நீங்களே மீட்டர் வைத்துப் பார்க்கிற முறை. எஞ்சின் ரூமில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெல்ட் பக்கம் குனிகிற வேலை வேண்டாம். காற்சட்டை போடுங்கள். எஞ்சின் நிற்கும்போதே முதலை கிளிப்பை டபிள்யூவில் கடிக்கவிட்டு, மீட்டரைத் தள்ளி வைத்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். மீட்டரின் கறுப்புக் கம்பியைப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். லாரியில் பழகினவர்கள் எங்கே இரும்பு தென்பட்டாலும் எர்த் என்று தொடுவார்கள். ஃபைபர் போட்டிலும் மரப் போட்டிலும் அந்தப் பழக்கம் ஆளை ஏமாற்றும்.

முதலில் எஞ்சின் நிற்கும்போது டபிள்யூவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பூஜ்யமோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் அரை வோல்ட், ஒரு வோல்ட் மினுங்கினால் பதற வேண்டாம். அது டயோடில் கசிகிற துளி, ஆல்டர்னேட்டர் வேலையைக் கெடுக்காது. ஆனால் 12 வோல்ட் நின்றால், டபிள்யூவுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சின்ன பல்பைத் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் பாசிட்டிவ் டயோடு ஒன்று ஷார்ட். அப்படியே விட்டுவைத்தால் பேட்டரி ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிடும்.

ஸ்டார்ட் செய்து, ஒரு ரேஸ் கொடுத்து, பி பிளஸைத் தொடுங்கள். 14 சொச்சம் வரட்டும். பிறகு டி.சி. ரேஞ்சிலேயே டபிள்யூ. அதில் பாதி வரட்டும். பாதியை விட்டு நன்றாக விலகி 4 என்றோ 10 என்றோ நின்றால்தான் டயோடைச் சந்தேகப்பட வேண்டும். கூடவே ஆல்டர்னேட்டர் உறுமுகிற சத்தமும் சூடும் இருந்தால் சந்தேகம் உறுதி. உங்களுடையது 7. ஆகவே இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை.

ஏ.சி. ரேஞ்சிலும் பார்க்கலாம். 7, 8 போல வரும். ஆனால் அதற்கு முன்னால் மீட்டரையே ஒரு பரீட்சை வையுங்கள். ஏ.சி. ரேஞ்சில் வைத்துப் பேட்டரியின் இரண்டு முனையையும் தொடுங்கள், கம்பிகளை இடம் மாற்றியும் தொடுங்கள். இரண்டு தடவையும் பூஜ்யம் வந்தால் மீட்டர் யோக்கியமானது. ஒரு பக்கம் பூஜ்யமும் மறுபக்கம் 27 போலவும் காட்டினால் அது டி.சி.யைத் தடுக்கத் தெரியாத மலிவு மீட்டர். அதில் டபிள்யூவைப் பார்த்தால் 15 என்று காட்டி உங்களைக் குழப்பும். என் மேஜையிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் எடுப்பேன்.

டபிள்யூவில் ஏழு வந்தும் மேலே வீல் ஹவுஸில் முள் ஆடினாலோ செத்துக் கிடந்தாலோ, நடுவில் இருக்கிற கம்பியைப் பாருங்கள். கடல் காற்றுக்குச் செம்பு என்றால் அவ்வளவு பிரியம். கம்பி நுனியில் இருக்கிற லக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும், இன்சுலேஷனுக்குள் நாலு விரல் தூரம் கறுத்துப் போயிருக்கும். இங்கே எல்லாரும் ஏமாறுகிற ஓரிடம் உண்டு. மேலே மீட்டரின் பின்னாலிருந்து கம்பியைக் கழற்றி, தனியாகப் பிடித்து வோல்ட் பார்ப்பார்கள். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் டிஜிட்டல் மீட்டர் முழு ஏழையும் காட்டிவிடும், ஏனென்றால் அது கரண்டே குடிப்பதில்லை. கம்பியை மாட்டியபடியே, முள் வேலை செய்கிற நிலையில் பார்க்க வேண்டும். கீழே ஏழும் மேலே மூன்றும் இருந்தால் மிச்ச நான்கைக் களிம்பு தின்கிறது. அதே கையோடு ஆர்.பி.எம். மீட்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவிலும் பார்த்துவிடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பி மாற்ற வேண்டியதுதான். பழைய லக்கையே தேய்த்து மாட்டாதீர்கள். வெட்டிவிட்டு, பளபளப்பான செம்பு வரும்வரை பின்னால் போய், ஈயம் பூசிய கம்பியாக மாற்றுங்கள்.

பெல்ட்டையும் ஒரு நிமிஷம் சோதிக்கலாம், அதற்கு வோல்ட் மீட்டர்கூட வேண்டாம். எஞ்சினை ஒரே ஓட்டத்தில் விட்டு, டெக் லைட் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். எஞ்சின் சத்தம் மாறாமல் முள் மட்டும் இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது. சின்னப் புல்லியில் பெல்ட்டுக்குப் பிடிமானம் குறைவு என்பதால் உங்கள் போட்டில் இதற்கு வாய்ப்பு அதிகம். அப்புறம், கேபின் மேல் சோலார் வைத்திருக்கிற போட்காரர்கள் "நல்ல வெயிலில் மட்டும் முள் விழுகிறது" என்று சொல்வதுண்டு. பேட்டரி சோலாரிலேயே நிறைந்துவிட்டதால் கட்-அவுட் ரோட்டருக்குப் போகிற கரண்டை நிறுத்திவிடுகிறது. ரோட்டரில் காந்தம் இல்லையென்றால் டபிள்யூவில் அலையும் இல்லை. சோலாரைக் கழற்றினால் முள் எழுந்து நிற்கும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றி "சார்ஜ் வருகிறதா" என்று பார்க்கிற வித்தை டைனமோ காலத்தோடு போகட்டும். ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் வோல்ட் ஒரு கணம் எகிறி டயோடையும் கட்-அவுட்டையும் கொண்டுபோய்விடும், பாதையில் இருக்கிற வயர்லெஸ், ஜி.பி.எஸ்.ஸையும் சேர்த்து. டபிள்யூவை எர்த்தில் உரசித் தீப்பொறி பார்ப்பதும் அதே ரகம்.

ஜூலை 31-க்குள் இதெல்லாம் முடிகிற வேலைதான். ஒரு காலைப்பொழுது போதும். எலெக்ட்ரீஷியனையும் கூடவே வைத்துக்கொண்டு செய்யுங்கள்; ஹெர்ட்ஸ் ரேஞ்சில் முள்ளோடு சேர்ந்து எண்ணும் ஏறி இறங்குவதை அவரும் பார்க்கட்டும்.

எஞ்சின் ரூமில் இன்னொரு மீட்டர் தாராளமாக வைக்கலாம். ஆர்.பி.எம். மீட்டர் எடுக்கிற கரண்ட் துளி அளவு. ஒரே டபிள்யூ இரண்டையும் தாங்கும். இரண்டாவதும் டபிள்யூவுக்கென்றே செய்த மீட்டராக இருக்க வேண்டும், பெட்ரோல் எஞ்சினின் இக்னிஷன் காயிலுக்கான மீட்டர் ஒத்துவராது. டபிள்யூ முனைக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டு, அதற்குப் பிறகு கம்பியை இரண்டாகப் பிரியுங்கள். மேலே போகிற கம்பி எங்காவது உரசி எர்த் ஆனாலும் பியூஸோடு போகும், டயோடு தப்பிக்கும். இரண்டு மீட்டரையும் தனித்தனியாக செட் செய்ய வேண்டியிருக்கும். கீழே இருப்பதை முதலில் செட் செய்யுங்கள், கிராங்க் புல்லி அங்கேதானே இருக்கிறது.